நின்ற இயந்திரம், ஓடிய பிழை: ஒரு ரைஸ் மில் கலர் சார்ட்டரின் லினக்ஸ் டிரைவரைச் சரிசெய்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மன்னார்குடிப் பக்கம் ஒரு நடுத்தர ரைஸ் மில். அங்கே பல வருடம் ஓடிய கலர் சார்ட்டரின் (கருப்பு அரிசியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்) மெயின் கார்டு போய்விட்டது. புதுக் கார்டின் விலையைக் கேட்டு முதலாளி பின்வாங்கினார். கும்பகோணத்தில் உள்ள ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் பட்டறை, சூட், விளக்கு, ஏர் வால்வு, கம்ப்ரஸர் ஆகியவற்றைப் பழையபடியே வைத்துக்கொண்டு, கேமராவையும் கன்ட்ரோல் போர்டையும் மட்டும் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்லி வேலையை எடுத்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். அரிசி சூட்டில் வழுக்கி விழும்போது 2048 பிக்சல் கொண்ட லைன் ஸ்கேன் கேமரா அதை வினாடிக்கு 4000 வரிகளாகப் படம் பிடிக்கிறது. எஃப்பிஜிஏ (உள்ளமைப்பைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்) கார்டு ஒன்று அந்த வரிகளை எட்டு எட்டாகச் சேர்த்து, டிஎம்ஏ மூலம், அதாவது சிபியுவின் கை படாமல், நேராக ரேமில் எழுதுகிறது. ஒரு தொகுதி 16 கேபி. 2 மில்லி வினாடிக்கு ஒன்று வரும். 32 தொகுதிகள் சுற்றிச் சுற்றிப் பயன்படும், ஆக மொத்தம் 512 கேபி. புரோகிராம் ஒவ்வொரு தொகுதியிலும் கரும்புள்ளி தேடி, 64 ஏர் வால்வுகளில் உரியதைத் திறக்கும். கருப்பு அரிசி காற்றடித்து ரிஜெக்‌ஷனில் விழும்.

இடையில் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இரண்டு வேலை. அந்த 512 கேபி நினைவகத்தை எம்மேப் வழியாகப் புரோகிராமுக்குக் காட்ட வேண்டும். அடுத்த தொகுதி வரும்வரை புரோகிராமைக் காக்க வைக்க வேண்டும். டிரைவரை எழுதிய இளைஞர், கார்டை ஆபீஸ் பிசியின் பிசிஐஇ ஸ்லாட்டில் செருகிச் சோதித்துவிட்டு, அதே டிரைவரை ஏஆர்எம் போர்டுக்குக் கம்பைல் செய்து மில்லில் ஏற்றினார். போர்டில் இருப்பது இரண்டு கார்டெக்ஸ் ஏ7 கோர்கள், 512 கேபி எல்2 கேஷ் (சிபியு அண்மையில் படித்ததை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்).

## முதல் புகார்

குறுவை அறுவடை மழையில் மாட்டிய வருடம் அது. கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லும், காயவைக்க இடமில்லாமல் சாலையோரம் கிடந்து நிறம் மாறிய நெல்லும் மில்லுக்கு வந்துகொண்டிருந்தன. கலர் சார்ட்டருக்கு ஓயாத வேலை. மழைக்காலம் என்பதால் லோ வோல்டேஜும் சேர்ந்துகொண்டது. கரண்ட் ஒரு கணம் மங்கினால் போர்டு தாங்கிக்கொள்ளும், கேமரா மட்டும் ரீசெட் ஆகிவிடும். அதற்கப்புறம் கார்டிலிருந்து இன்டரப்ட் (தொகுதி வந்தது என்ற அறிவிப்பு) வராது. புரோகிராம் அப்படியே நிற்கும்.

நின்றதைக் கொல்லவும் முடியவில்லை. கில் -9 (வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) கொடுத்தாலும் அசையவில்லை. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் அதன் நிலை ‘டி’ என்றே இருந்தது. 120 வினாடி கழிந்ததும், இந்தப் பிராசஸ் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கெர்னல் லாகில் எச்சரிக்கை வந்தது. மெயின் ஆஃப் செய்து மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை. போர்டு பூட் ஆகி முடிப்பதற்குள் எலிவேட்டரை நிறுத்தி, பின்னால் வரும் அரிசியைச் சாக்கில் பிடிக்க வேண்டியிருந்தது.

காரணத்தைப் பட்டறையே கண்டுபிடித்துவிட்டது. டிரைவர் காத்திருக்கப் பயன்படுத்தியது வெயிட்_ஈவென்ட். எந்த சிக்னலாலும் (புரோகிராமுக்குக் கெர்னல் கொடுக்கும் அவசரச் செய்தி) எழுப்ப முடியாத தூக்கம் அது. சிக்‌கில்லும் (கில் -9 அனுப்பும் சிக்னல்) அதில் அடக்கம். அதை இன்டரப்டிபிள் (சிக்னல் வந்தால் கலையும்) வகைக்கு மாற்றினார்கள். ஒரே ஒரு வரித் திருத்தம். கில் வேலை செய்தது, எல்லோருக்கும் திருப்தி. அந்த அழைப்பு திருப்பித் தரும் மதிப்பை யாரும் பார்க்கவில்லை.

## இரண்டாவது புகார்

நான் தஞ்சாவூரில் இருந்துகொண்டு எம்பெடட் லினக்ஸ் வேலை பார்ப்பவன். என்னைக் கூப்பிட்டது இதற்கப்புறம்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கமான தவம் முடித்து மில்லுக்குப் போனபோது, கலர் சார்ட்டர் ஓட்டும் பெரியவர் இரண்டு தட்டில் அரிசி எடுத்து வைத்திருந்தார். ஒன்று நல்ல அரிசி வாயிலிருந்து எடுத்தது. அதில் மூக்குக் கறுத்த அரிசி கண்ணில் படும் அளவுக்குக் கிடந்தது. இன்னொன்று ரிஜெக்‌ஷன், அதில் பாதிக்கு மேல் பளிச்சென்ற நல்ல அரிசி.

“முன்னாடி நின்னுச்சு தம்பி, நின்னா தெரிஞ்சுது. இப்ப ஓடுது, ஆனா என்ன பண்ணுதுன்னே புரியல” என்றார். பட்டறைக்காரர்கள் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிப் பார்த்திருந்தார்கள். ரிஜெக்‌ஷன்தான் கூடியது, கருப்பு குறையவில்லை. லென்ஸில் தவிட்டுத் தூசு என்பது அவர்கள் கணிப்பு.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். போர்டோடு இணைத்த திரையில் கேமராப் படம் ஓடும்போது அரிசி பரவாயில்லையாம். ராத்திரி ஷிஃப்ட்டில் திரையை அணைத்துவிட்டால் மோசமாகிறதாம். பட்டறைப் பையன் இதற்குச் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை; பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் பிழைகளை இந்தத் தொழிலில் நிறையவே பார்த்தாயிற்று.

முதலில் எடுத்த முடிவு: லென்ஸையும் விளக்கையும் தொடக் கூடாது. வெளிச்சமோ அளவீடோ தப்பென்றால், சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் கருப்பு குறைந்து நல்லது அதிகம் போக வேண்டும், குறைத்தால் நேர்மாறாக ஆக வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் ஒருசேரக் கெட்டிருந்தது. அப்படியானால் புரோகிராமுக்குக் கிடைக்கும் படமே சரியில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொள்ளவில்லை, தனித்தனியாகத் தேடினோம்.

## சிக்னல் பக்கம்

புரோகிராம் கெர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டதும் முதல் காரணம் வெளியே வந்தது. காத்திருக்கும் ஐஆக்டில் (டிரைவரிடம் வேலை சொல்லும் அழைப்பு) வினாடிக்கு 500 முறை திரும்ப வேண்டும். அதைவிடப் பத்து முறை அதிகம் திரும்பியது. அந்தப் பத்திலும் ஏற்கெனவே கொடுத்த தொகுதி எண்ணே மறுபடி வந்தது, ஒவ்வொன்றுக்கும் சற்று முன்னால் ஒரு சிக்‌அலாரம் (டைமர் முடிந்தால் வரும் சிக்னல்) இருந்தது. ‘ஓடுகிறது’ என்ற விளக்கைச் சிமிட்டப் புரோகிராம் 100 மில்லி வினாடிக்கு ஒரு டைமர் வைத்திருந்தது.

நடந்தது இதுதான். சிக்னல் வந்ததும் இன்டரப்டிபிள் காத்திருப்பு கலைகிறது. டிரைவர் ஏன் எழுந்தோம் என்று கேட்காமல், தொகுதி வந்துவிட்டது போல பூஜ்யம் திருப்புகிறது. புரோகிராம் பழைய தொகுதியைப் புதிதென்று நம்பி மறுபடி ஆராய்கிறது. அதிலிருந்த கருப்பு அரிசிக்குக் காற்று ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. இரண்டாவது அடி அதன் பின்னால் வந்த நல்ல அரிசிக்கு விழுகிறது.

எழுந்த காரணத்தைப் பார்த்து, சிக்னல் என்றால் -ஈரீஸ்டார்ட்சிஸ் திருப்ப வேண்டும். இது கெர்னலுக்குள் மட்டும் புழங்கும் எண், 512. சிக்னலுக்கு ஹேண்ட்லர் (அது வந்தால் ஓடும் பகுதி) இல்லாமல், அது புரோகிராமைக் கொல்லவும் இல்லாவிட்டாலோ, எஸ்ஏ_ரீஸ்டார்ட் கொடியுடன் ஹேண்ட்லர் வைத்திருந்தாலோ கெர்னல் அதே அழைப்பைத் தானே மறுபடி தொடங்கும். கொடி இல்லாவிட்டால் புரோகிராமுக்கு ஈஇன்டர் (அழைப்பு இடையில் கலைந்தது) என்று மாற்றிக் கொடுக்கும். 512 என்ற எண் புரோகிராம் வரை வந்து சேர்ந்தால் டிரைவரில் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

இதோடு முடித்திருக்கலாம், ஆனால் கேமரா ரீசெட் ஆனால் கண்டுபிடிக்கக் காலவரம்பு வேண்டும் என்று 500 மில்லி வினாடி டைம்அவுட் சேர்க்கச் சொல்லியிருந்தேன். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அழைப்பு மறுதொடக்கம் ஆகும்போது டைம்அவுட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 100 மில்லி வினாடிக்கு ஒரு சிக்னல் வந்து அழைப்பை மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்தால், 500 எட்டவே எட்டாது. கேமரா வயரைப் பிடுங்கினாலும் புரோகிராம் அமைதியாகக் காத்திருக்கும். மேசையில் வைத்து வயரைப் பிடுங்கிப் பார்த்தோம், அப்படியே காத்திருந்தது.

ஆகவே காலத்தை அழைப்பு தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணாமல், கடைசி இன்டரப்ட் வந்த நேரத்திலிருந்து டிரைவரே எண்ணுமாறு மாற்றினோம். எத்தனை முறை மறுதொடக்கம் ஆனாலும் கெடு நகராது. கெடு தாண்டினால் ஈடைம்டுஅவுட் (நேரம் கடந்தது) என்ற பிழை திரும்பும். புரோகிராம் கேமராவை மறுபடி இயக்கிக்கொள்ளும்.

புரோகிராம் பக்கத்தில் சிக்‌அலாரத்தையே எடுத்துவிட்டு டைமர்எஃப்டி (சிக்னல் அனுப்பாத டைமர்) வைத்து, டைமர், தொகுதி இரண்டுக்கும் சேர்த்து ‘போல்’ என்ற ஒரே அழைப்பில் காத்திருக்கும்படி எழுதினோம். சிக்னலே இல்லை என்றால் டிரைவரில் இவ்வளவு பாடு எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும், டீபக்கர் ஒட்டினாலும், நாளைக்கு வேறொருவர் புரோகிராமை மாற்றி எழுதினாலும் சிக்னல் வரும். மேலே ஓடும் புரோகிராம் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில் டிரைவர் எழுதக் கூடாது.

புதிய டிரைவரை ஏற்றியதும் ரிஜெக்‌ஷனில் போகும் நல்ல அரிசி கண்ணுக்குத் தெரியக் குறைந்தது; முழுதாகப் போகவில்லை. நல்ல அரிசியில் கருப்பு முன்போலவே இருந்தது. திரையை அணைத்தால் கூடியது.

## எம்மேப் பக்கம்: கருப்பு அட்டை

மில் நின்றிருந்த ஒரு மதிய இடைவேளையில் கேமராவுக்கு எதிரே வெள்ளை அட்டை பிடித்துக்கொண்டு, சட்டென்று கருப்பு அட்டைக்கு மாற்றச் சொன்னேன். திரை அணைந்திருந்தது. புரோகிராம் தான் பார்த்த தொகுதிகளை அப்படியே ஃபைலில் சேமித்தது. அட்டை முழுதாக மாறிய பிறகு வந்த தொகுதிகள் எல்லாம் கருப்பாக இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. கருப்புக்கு நடுவே அங்கங்கே வெள்ளைக் கீற்றுகள். ஒவ்வொன்றும் ஒரு வரி உயரம், சரியாக 64 பிக்சல் அகலம். தொடங்கும் இடமும் 0, 64, 128, 192 என்று 64-இன் மடங்குகளில் மட்டும். ஒரு பிக்சல் ஒரு பைட். கார்டெக்ஸ் ஏ7-இன் டேட்டா கேஷ் வரி, அதாவது கேஷ் ஒரு தடவையில் கொண்டுவரும் துண்டு, 64 பைட். தூசு ஒருநாளும் இப்படி அளந்து உட்காராது.

இன்டெல் வகைப் பிசியில் டிஎம்ஏ ரேமில் எழுதும்போது சிபியுவின் கேஷும் கூடவே ஒத்துப்போகும். அந்த வேலையை ஹார்டுவேரே பார்த்துக்கொள்கிறது. இந்த ஏஆர்எம் போர்டில் அப்படி இல்லை. கார்டு ரேமில் புதுப் படத்தை எழுதினாலும், முந்தைய சுற்றில் படித்த 64 பைட் கேஷில் தங்கியிருந்தால் சிபியு அதையே படிக்கும். 32 தொகுதி, தலா 2 மில்லி வினாடி, ஆகவே குறைந்தது 64 மில்லி வினாடிக்கு முந்தைய படம். டிரைவர் ஆரம்பத்தில் ஒருமுறை டிஎம்ஏ_மேப் செய்ததோடு சரி. கேஷையும் ரேமையும் ஒத்துப்போக வைக்கும் சிங்க் அழைப்பு ஒன்றுகூட இல்லை. பிசியில் அது இல்லாமலே எல்லாம் சரியாக ஓடியது.

பெரியவர் சொன்னதற்கும் இதிலேயே விளக்கம் கிடைத்தது. திரையில் படம் ஓடினால் அது பெரிய நினைவகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கும், கேஷில் இருந்த பழைய வரிகள் வெளியே தள்ளப்படும். திரையை அணைத்தால் 512 கேபி கேஷில் 512 கேபி வளையத்தின் வரிகள் பல சாவகாசமாகத் தங்கிவிடும். கரும்புள்ளி ஓரிரு வரி உயரம்தான். அந்த வரி பழையதாக இருந்தால் கருப்பு தப்பிக்கும். பழைய வரியில் கரும்புள்ளி இருந்தால் நல்ல அரிசி அடிபடும்.

என்ன செய்யலாம் என்பதில் மூன்று யோசனை இருந்தது. எம்மேப்பில் மட்டும் ‘கேஷ் வேண்டாம்’ என்று குறிப்பது முதலாவது. ஒரு வரி வேலை, பையனுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அதே நினைவகம் கெர்னலின் சொந்த மேப்பில் கேஷுடன் இருக்கும். ஒரே ஃபிசிக்கல் பக்கத்துக்கு இரண்டு விதக் குணம் கொடுப்பதை ஏஆர்எம் கட்டமைப்பு தவிர்க்கச் சொல்கிறது. வேண்டாம் என்றேன்.

இரண்டாவது, நினைவகம் முழுவதையும் கோஹெரன்டாகவே (இந்தப் போர்டில் கேஷ் இல்லாமல்) ஒதுக்கி, அதற்குரிய டிஎம்ஏ எம்மேப் அழைப்பால் காட்டுவது. முறைப்படி சரி. செய்து பார்த்தோம், வெள்ளைக் கீற்று ஒன்றுகூட இல்லை. ஆனால் கேஷ் இல்லாமல் பைட் பைட்டாகப் படிப்பதில் புரோகிராம் 2 மில்லி வினாடிக்குள் ஒரு தொகுதியை முடிக்கவில்லை.

கடைசியில் மூன்றாவதை எடுத்தோம். நினைவகம் கேஷுடனே இருக்கட்டும். காத்திருக்கும் ஐஆக்டில் தொகுதியைக் கையளிக்கும் முன் டிரைவர் அந்த 16 கேபிக்கு மட்டும் ‘சிபியுவுக்காக சிங்க்’ செய்யும், கார்டிடம் திருப்பித் தரும்போது ‘டிவைஸுக்காக சிங்க்’ செய்யும். ஒரு தொகுதிக்கு 256 கேஷ் வரிகள், அதற்கான நேரம் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. டிஎம்ஏ முடிந்த பிறகு சிங்க் செய்வது முக்கியம். முன்கூட்டியே செய்தால், சிபியு தானாகச் செய்யும் முன்வாசிப்பில் பழைய வரி மறுபடி கேஷுக்குள் வந்துவிடலாம். ஏ7-இன் டேட்டா கேஷ் ஃபிசிக்கல் முகவரியை வைத்தே இயங்குவதால், கெர்னல் முகவரியில் செய்த சிங்க் புரோகிராமின் முகவரிக்கும் செல்லும்.

அட்டைச் சோதனையோடு நிறுத்தவில்லை. எஃப்பிஜிஏவில் ஒரு சோதனை முறை சேர்த்தோம். ஒவ்வொரு நான்கு பைட்டிலும் ஓடும் எண் ஒன்றை எழுதும். தொகுதியின் தலையில் மட்டும் எண் போட்டால் போதாது, ஏனென்றால் தலை புதிதாகவும் நடுவில் ஒரு 64 பைட் பழையதாகவும் இருக்கலாம். கூடவே இன்னொரு புரோகிராம் இடைவிடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. திரை அணைந்த நிலையில் ராத்திரி முழுக்க ஓட விட்டோம். எண் ஒன்றுகூடப் பிசகவில்லை.

## வகை மாற்றும்போது

மூன்றாவது கோளாறைப் பற்றி யாரும் புகாரே சொல்லவில்லை. கரண்ட் பிரச்சினை என்று விட்டுவிட்டார்கள். ஏடிடீ 37 குண்டு அரிசி ஓடி முடிந்து சன்ன ரகத்துக்கு மாற்றினால் செட்டிங் மாறும், தொகுதியின் அளவும் மாறும். அப்போது சில தடவை போர்டு தானே ரீபூட் ஆகும்.

டிரைவரின் கோடைப் படித்தபோது புரிந்தது. அளவு மாற்றும் ஐஆக்டில் பழைய நினைவகத்தை உடனே விடுவித்துவிடுகிறது. புரோகிராமின் எம்மேப் இன்னும் அந்தப் பக்கங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவர் பயன்படுத்திய ரீமேப் வகை அழைப்பு பக்கங்களைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையை ஏற்றுவதில்லை, ஆகவே கெர்னல் அவற்றை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். கார்டும் முழுதாக நிற்காமல் கடைசித் தொகுதியை அங்கே எழுதினால் யாருடைய நினைவகம் கெடும் என்று சொல்ல முடியாது.

வரிசையை மாற்றினோம். முதலில் கார்டின் டிஎம்ஏ நின்றதை உறுதி செய்ய வேண்டும். மேப் உயிரோடு இருந்தால் ஈபிஸி (பயன்பாட்டில் உள்ளது) என்று மறுக்க வேண்டும். புரோகிராம் மேப்பை எடுத்துவிட்டுத்தான் அளவு மாற்றக் கேட்க வேண்டும். பக்கங்களையும் எண்ணிக்கை ஏற்றும் முறையிலேயே செருகினோம். எம்மேப்பில் கேட்ட நீளமும் ஆஃப்செட்டும் வளையத்துக்குள் அடங்குகிறதா என்ற சோதனையே இல்லாமல் இருந்தது, அதையும் சேர்த்தோம்.

## பின் நடந்தவை

சம்பா அரிசி வரத் தொடங்கியபோது இயந்திரம் ஒழுங்காக ஓடியது. பெரியவர் திரையை அணைத்துவிட்டு ஓட்டினார்.

ஒரு புதுத் தொல்லை மட்டும் வந்தது. ரகம் மாற்றும்போது எப்போதாவது ஈபிஸி வந்து மாறாமல் நின்றது, இரண்டு நிமிடம் கழித்து அழுத்தினால் மாறியது. ஷிஃப்ட் அறிக்கையை அச்சடிக்கப் புரோகிராம் ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து), அந்தக் குழந்தைப் பிராசஸ் எக்ஸெக் (வேறு புரோகிராமாக மாறுதல்) இல்லாமல் தானே பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்க்கில் மேப்பும் நகலாவதால், அச்சு முடியும்வரை மேப்புகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவில்லை. மேப்பில் விஎம்_டோன்ட்காப்பி (ஃபோர்க்கில் நகலெடுக்காதே) கொடி வைத்ததும் தீர்ந்தது. முன்பு இதே நகல், விடுவித்த நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்திருக்கும். இப்போது மறுப்பாக வெளியே தெரிந்தது.

## இனி மாற்ற வேண்டியவை

இந்த டிரைவரைத் தனியாக எழுதியிருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. லினக்ஸின் வீடியோ அமைப்பில் 2011 முதல் வீடியோபஃப்2 இருக்கிறது. சிக்னலுக்குக் கலையும் காத்திருப்பு, கேஷ் சிங்க், மேப்பின் ஆயுள் எண்ணிக்கை எல்லாம் அதில் பலர் கைபட்டுத் தேறியவை. கார்டுக்கு உரிய சில நூறு வரிகளை மட்டும் நாம் எழுதினால் போதும். பட்டறையின் அடுத்த இயந்திரத்தை அப்படிச் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த இயந்திரம் திருத்திய டிரைவரோடே ஓடும்.

சோதனை இனி பிசியில் அல்ல, மில்லில் போகப்போகும் அதே போர்டில் நடக்கும். எஃப்பிஜிஏவின் சோதனை முறை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஒரு ராத்திரி ஓடும். இயந்திரத்தை ஓட்டுபவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிவைக்க ஒரு நோட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

கேமரா ரீசெட் ஆகும் மூலக் காரணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. டிரைவர் அதைச் சமாளிக்கிறது, அவ்வளவுதான். கேமராவுக்குத் தனி சப்ளையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாளி அடுத்த குறுவைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.